நீலாம்பல் குளத்தின் வளர்ச்சி விகிதம்

ஜஹீதாவின் வலது முழங்கால் மூட்டை மாற்றிய டாக்டர் கொஞ்சம் கறாரான ஆள். தையல் ஆறியதும் காலை மடக்கச் சொல்லிப் பார்த்தார். அது பாதி வழியில் நின்றுகொண்டது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"இனிமே என் வேலை முடிஞ்சுதும்மா. தினம் இடுப்பளவு தண்ணியில நடங்க, மூட்டு தானா மடங்கும். சோம்பல்பட்டு விட்டீங்கன்னா இப்படியே இறுகிடும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனமில்ல."

ஜஹீதா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "டிசம்பர்ல மக்காவுக்கு உம்ரா போறோம் டாக்டர். கஅபாவை என் சொந்தக் கால்ல சுத்தி வரணும். வீல்சேர்ல உக்கார வெச்சு யாராச்சும் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு நான் அவ்ளோ தூரம் போகல. முடியுமா?"

"தண்ணியில நடந்தா தரையிலயும் நடக்கலாம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்த அவள் கணவர் வலியுல்லாவுக்கு ஒரே சந்தோஷம். தி. நகரில் பெட்டி, பை வியாபாரம் செய்கிறவர் அவர். ஊரெல்லாம் பயணம் போகப் பெட்டி விற்றுவிட்டு, தான் மட்டும் கடையைத் தாண்டி எங்கும் போகாதவர். மனைவியோடு போகப்போகிற முதல் பெரிய பயணம் இதுதான். அதற்கு வேண்டிய தண்ணீரோ அடையாற்றில் அவர்கள் குடியிருக்கும் நீலாம்பல் என்க்ளேவிலேயே இருந்தது. ஃபிளாட் வாங்கும்போது காட்டிய வண்ணப் புத்தகத்தில் அந்தக் குளத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிறகு அதில் யாரும் இறங்கியதாக வலியுல்லாவுக்கு ஞாபகமில்லை.

ஜஹீதா கணுக்கால்வரை மூடிய நீச்சல் சல்வார் ஒன்று தைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி காலை வேளைகளில் நடக்க ஆரம்பித்தாள். ஒரு வாரம் ஆவதற்குள் கண் இரண்டும் மிளகாய்ப் பொடி பட்டதுபோல் சிவந்துவிட்டன. கையெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தோல் வறண்டு அரிப்பு. குளத்துத் தண்ணீரும் அரிசி களைந்த நீர்போல் கலங்கலாக இருந்தது.

குளத்தில் விழும் இலை தழைகளை வலை போட்டு அள்ளுகிற தேவானையிடம் கேட்டார் வலியுல்லா. அவள் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீரை மொண்டு, சிவப்பு மருந்து சில சொட்டு விட்டுக் குலுக்கினாள். தண்ணீர் ரோஸ் பவுடர் கரைத்ததுபோல் ஆனது. வண்ண அட்டையில் ஆகக் கடைசிக் கட்டத்தோடு ஒட்டி வைத்துக் காட்டினாள்.

"பாத்துக்கினியா பாய்? பி.எச்.சு ஏறிக்கினே கீது. ஏழு சொச்சம் இருக்க வேண்டியது, எட்டு புள்ளி நாலு வந்துகீது. லாரித் தண்ணி அப்படி. இவ்ளோ ஏறுனா குளோரின எவ்ளோ கொட்னாலும் வேலைக்காவாது. கண்ணு எரியும், ஒடம்பு பிடுங்கும். ஆசிட்ட பக்கெட்டுல கலந்து சுத்தி ஊத்தினா நாளைக்கே சரியாப்பூடும்."

"அப்ப ஊத்தும்மா."

"நானா? நல்லாக் கீதே கதை! கேனு அந்த ரூம்ல பூட்டிக்கீது. சாவி அசோசியேஷன்ல கீது. அவங்க தீர்மானம் போட்டாத்தான் பூட்டத் தொறப்பாங்க."

ஒரு பக்கெட் சமாசாரத்துக்கு என்ன தீர்மானம் என்று வலியுல்லா நினைத்தார். பாவம், அவர் அப்பாவி. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டினோமா, கடைக்குப் போனோமா என்று இருந்துவிட்டவர். நீலாம்பல் அசோசியேஷனின் மகிமை அவருக்குத் தெரியாது. அங்கே நாய்களுக்காக ஓர் உபகுழு உண்டு. நாய்களுக்கு எதிராக ஓர் உபகுழு உண்டு. இரண்டும் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஒருங்கிணைப்பு உபகுழுவும் உண்டு. லிஃப்ட் உபகுழு உருவான நாளிலிருந்து லிஃப்ட் ஓடுவதில்லை, ஆனால் அதன் கூட்டங்கள் தவறாமல் நடக்கின்றன.

முதலில் செயலாளர் ராம்குமாரைப் போய்ப் பார்த்தார். ராம்குமார் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் மேலாளர். வீட்டிலிருந்தே வேலை. இடுப்புக்கு மேலே சட்டை, கீழே அரைக்கால் டிராயர். காதில் மாட்டியதைக் கழற்றாமலே பேசினான்.

"அங்கிள், வாய் வார்த்தையா சொன்னா சிஸ்டத்துல ஏறாது. ஆப்ல கம்ப்ளெய்ன்ட் போடுங்க."

வலியுல்லா ஆப்பைத் திறந்தார். குழாய், மின்சாரம், பார்க்கிங், பக்கத்து வீட்டுச் சமையல் வாசனை என்று வரிசையாக இருந்தது. குளம் மட்டும் இல்லை. "இதர" என்பதை அழுத்தி விஷயத்தை எழுதினார். அவர் விரலை எடுப்பதற்குள் "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று பதில் வந்து, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டது.

"பாத்தீங்களா அங்கிள், எவ்ளோ ஃபாஸ்ட்!" என்றான் ராம்குமார்.

அடுத்து தலைவர். தலைவர் கருணாகரன் நாலாவது மாடியில் இருந்தார். ஓய்வு பெற்ற இணை இயக்குநர். எந்தத் துறை என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அவரும் சொன்னதில்லை. வலியுல்லா படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சார், நம்ம குளத்துல பி.எச். ஏறிடுச்சு."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த கருணாகரன் தலையை நிமிர்த்தினார். முகம் மலர்ந்தது. "ஏறியிருக்கா? எவ்வளவு?"

"போன வருஷம் ஏழு புள்ளி ரெண்டு இருந்துச்சாம். இப்ப எட்டு புள்ளி நாலு."

"ஒரே வருஷத்துலயா!" கருணாகரன் மேஜையிலிருந்து கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். "கிட்டத்தட்ட பதினேழு சதவீத வளர்ச்சி பாய்! இவ்வளவு நாளா இத யாரும் என் கவனத்துக்குக் கொண்டுவரலயே!"

"இல்ல சார், அது குறையணும்."

நடுக்கூடத்தில் யாரோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல் கருணாகரன் அவரைப் பார்த்தார். பிறகு, விவரம் தெரியாதவரிடம் பேசும் கனிவோடு சொன்னார்:

"பாய், நான் முப்பத்தாறு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். என் கை வழியாப் போன ஒரு புள்ளிவிவரமாவது குறைஞ்சதா சரித்திரம் கிடையாது. ஏறுறதுக்கு ஒருத்தனும் விளக்கம் கேக்க மாட்டான். குறைஞ்சாத்தான் மெமோ வரும். நீங்க வியாபாரி, உங்களுக்குத் தெரியாததா?"

வலியுல்லா யோசித்தார். வியாபாரத்தில் ஏறுவது நல்லதுதான். கொலஸ்டிரால் ஏறினால்? அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் தலைவர் சிறப்புப் பொதுக்குழுவுக்கு நாள் குறித்துவிட்டார்.

கூட்டம் மொட்டைமாடி ஹாலில் நடந்தது. கோரத்துக்கு வேண்டிய தலைகள் சேராமல் முதலில் அரை மணி ஒத்திவைத்தார்கள். போண்டா வந்ததும் கோரமும் வந்துவிட்டது. ராம்குமார் திரையில் ஒரு படம் காட்டினான். இடது கீழ் மூலையில் புறப்பட்ட ஒரு சிவப்புக் கோடு வலது மேல் மூலைக்குச் சர்ரென்று ஏறியது. ஹாலில் "ஆகா" என்ற சத்தம் எழுந்தது. கோடு எதைப் பற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கருணாகரன் மைக்கைப் பிடித்தார்.

"நீலாம்பல் பெருமக்களே! நாம் பொறுப்பேற்றபோது நமது குளத்தின் பி.எச். வெறும் ஏழு புள்ளி இரண்டு. இன்று எட்டு புள்ளி நான்கு! கஸ்தூரிபா நகரில் ஒரு அப்பார்ட்மென்ட் இருக்கிறது. பெயர் சொல்ல விரும்பவில்லை. நம்மைவிடப் பெரிய குளம், கிரானைட் போட்ட குளம். அவர்கள் இன்னும் ஏழு புள்ளி நாலிலேயே திண்டாடிக்கொண்டிருக்கிறார்கள். காரணம் என்ன? தலைமை இல்லை!"

கைதட்டல். அது அடங்குவதற்குள் இரண்டாம் வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தாள். சுப்புலக்ஷ்மி மாமி. மயிலாப்பூரிலிருந்து மகனோடு குடிவந்தவள்.

"ஒரு நிமிஷம். நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனவ. பி.எச். ஏர்றதுன்னா தண்ணி காரமாயிண்டு வரதுன்னு அர்த்தம். அது நல்லதில்லை. எங்காத்துப் பிள்ளை அன்னிக்கு இறங்கிட்டு ராத்திரி பூரா சொறிஞ்சிண்டு இருந்தான்."

"மேடம் எந்த உபகுழு?" என்று கேட்டார் கருணாகரன்.

ராம்குமார் பார்த்துச் சொன்னான். "கலாசாரம் சார். கொலு, திருவாதிரை, பொங்கல்."

"அப்போ மேடம், கொலு சம்பந்தமா ஏதாவது இருந்தா சொல்லுங்க. வேதியியல் இன்றைய அஜெண்டாவுல இல்ல."

மாமி அக்கம் பக்கம் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். வலியுல்லா எழுந்துவிட்டார். கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாத மனிதர். மனைவியின் சிவந்த கண்தான் அவரை எழுப்பியது.

"சார், எங்க வீட்டம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆயிருக்கு. தண்ணியில நடந்தாத்தான் கால் மடங்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இறங்கினா கண்ணு எரியுது, சார். கொஞ்சம் ஆசிட் ஊத்திட்டா..."

"நண்பர் வலியுல்லா பாய் உணர்ச்சிவசப்படுகிறார்" என்றார் கருணாகரன். "அவரது குடும்பத்தின் தியாகத்தை இந்த அவை மறக்காது. ஆனால் ஒன்று சொல்கிறேன். வளர்ச்சி என்று வந்துவிட்டால் சில கண்கள் எரியத்தான் செய்யும்!"

முதல் கைதட்டலைவிட இது பலமாக இருந்தது. அதன் சூட்டிலேயே மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. பி.எச்.சை முதன்முதலில் கண்டறிந்து சொன்ன வலியுல்லாவுக்குச் சால்வை போர்த்துவது. பி.எச். வளர்ச்சி உபகுழு ஒன்றை அவர் தலைமையிலேயே அமைப்பது. வளர்ச்சி தடைபடாமல் இருக்க, மறு அறிவிப்பு வரும்வரை குளத்தில் யாரும் இறங்கக் கூடாது என்று தடை போடுவது. குளிப்பவர்களின் உடம்பு பட்டு எண் குறைந்துவிட்டால் யார் பதில் சொல்வது?

சால்வையோடு ஒரு சாவியும் கொடுத்தார்கள். "இது ஆசிட் ரூம் சாவி, பாய். உபகுழுத் தலைவர்ங்கற முறையில உங்க பொறுப்பு. எந்தப் படுபாவியும் அந்தக் கேனைக் குளத்துப் பக்கம் கொண்டுபோகாம பார்த்துக்கணும்" என்றார் கருணாகரன். வலியுல்லாவும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். ஏன் தலையாட்டினோம் என்று படியிறங்கும்போதுதான் யோசித்தார்.

குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். "வளர்ச்சி நடைபெறுகிறது, உள்ளே வராதீர்" என்று பலகை வந்தது. வாசல் கேட்டருகே போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி பெரிய போர்டு ஒன்று வைத்து, கிரிக்கெட் மைதானத்தில் ரன் தொங்கவிடுவதுபோல் தகட்டு எண்களைத் தொங்கவிட்டார்கள். மாலையில் குழந்தை குட்டிகளோடு வந்து 8.4 முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

ஜஹீதா வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடந்தாள். மறுபடி டாக்டரிடம் போனபோது கால் முன்னைவிடக் குறைவாக மடங்கியது. டாக்டர் திட்டவில்லை. ஏர்போர்ட்டில் வீல்சேருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும்படி மட்டும் சொன்னார். ஆட்டோவில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பதை வலியுல்லா பார்த்தார். கல்யாணமான நாளாக அவளை அவர் அப்படிப் பார்த்ததில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் அலமாரியில் மடித்து வைத்திருந்த சால்வையை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"உங்களுக்குப் போத்துனாங்களே, இத என்னா பண்றது? என் முட்டிக்குச் சுத்திக் கட்டட்டுமா?"

"நான் சொல்லித்தான் பாத்தேன் ஜஹீதா. கேக்க மாட்றாங்க."

"அவங்க கேக்க வேணாம். ஆசிட் ரூம் சாவி யாருகிட்ட இருக்கு?"

வலியுல்லா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, போர்டுக்குப் பச்சை வண்ணமா நீல வண்ணமா என்று முடிவு செய்ய மொட்டைமாடி ஹாலில் செயற்குழு கூடியது. வண்ணப் பிரச்சினை என்றால் மதியச் சாப்பாடு வரை இழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் பட்டப்பகலில் வலியுல்லாவும் தேவானையும் கயிற்றைத் தாண்டி உள்ளே போனார்கள். தேவானை மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கையுறை போட்டு, பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்து அதில் ஆசிட்டை மெதுவாகக் கலந்தாள். குளத்தைச் சுற்றி நடந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மோட்டார் ஓடியது. மேலே ஹாலில் யாரோ "நீலம்தான் மங்களகரம்" என்று மேஜையைத் தட்டுவது கேட்டது.

மறுநாள் தண்ணீரில் அடித்தரையின் ஓடுகள் தெரிந்தன. தேவானை குப்பியைக் குலுக்கிப் பார்த்தாள். ஏழு புள்ளி நாலு.

"எறங்கிச்சு பாய்!" என்றாள். உடனே அவளுக்கே பயம் வந்துவிட்டது. "போர்டுல இன்னா போடறது? கொறைஞ்சு போச்சுன்னு தெரிஞ்சா என்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்களே."

அந்தக் கவலையை ராம்குமார் தீர்த்துவைத்தான். திங்கட்கிழமை காலை அவனிடமிருந்து தேவானைக்கு வாட்ஸ்அப் வந்தது: "இந்த வார பி.எச். 8.9. தகட்டை மாற்றவும்." வண்ண அட்டை எட்டு புள்ளி நாலோடு முடிந்துவிடுவதால் அதற்கு மேல் சோதித்துப் பயனில்லை என்றும், சிவப்புக் கோடு போகிற திசையை வைத்து எண்ணைக் கணித்துக்கொள்ளலாம் என்றும் செயற்குழு முடிவு செய்திருந்தது. குளத்தை எட்டிப் பார்க்கும் வேலை யாருக்கும் இல்லாமல் போயிற்று.

அன்றிலிருந்து ஜஹீதா தினமும் தண்ணீரில் இறங்கினாள். தடை இருக்கிறதே என்றால், அதற்கும் அவளே வழி சொன்னாள். "நீங்கதானே உபகுழுத் தலைவர்? ஆய்வு பண்ணுங்க. நான் பாட்டுக்கு நடக்கிறேன்." வலியுல்லா ஓர் அட்டையில் "கள ஆய்வு நடைபெறுகிறது" என்று எழுதிக் கயிற்றில் மாட்டிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஓய்வு பெற்ற அதிகாரிகள் நிறைந்த கட்டடம் அது. ஆய்வு நடக்கிற இடத்துக்கு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் உத்தியோகத்தில் இருந்தபோதும் அப்படித்தானாம்.

போர்டில் ஒன்பதரை ஆயிற்று, பத்து ஆயிற்று, பதினொன்று தாண்டியது. கஸ்தூரிபா நகரிலிருந்து அந்தப் பெயர் சொல்லாத அப்பார்ட்மென்ட்டின் நிர்வாகிகள் நாலு பேர் வந்து, கேட்டுக்கு வெளியே நின்று போர்டைப் பார்த்தார்கள். "எப்படி சார் பண்றீங்க?" என்று கேட்டார்கள். கருணாகரன் அவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்து, "மனசு வைக்கணும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

போர்டில் பதிமூன்று தொங்கிய அன்று, சுப்புலக்ஷ்மி மாமி காய்கறிப் பையோடு குளத்துப் பக்கம் வந்துவிட்டாள். நடுக்குளத்தில் ஜஹீதா கம்பியைப் பிடிக்காமல் நடந்துகொண்டிருந்தாள்.

"ஏண்டி ஜஹீதா, வாசல்ல பதிமூணுன்னு போட்டிருக்கு. நிஜமா பதிமூணா இருந்தா சாக்கடை அடைப்புக்குக் கொட்டற காரம் மாதிரி ஆச்சே! இத்தனை நேரத்துக்கு நீ தோல் உரிஞ்சுண்டு ஆஸ்பத்திரியில இருந்திருக்கணும்!"

"அல்லா கிருபையில நல்லாயிருக்கேன் மாமி. தண்ணி ஜில்லுனு இருக்கு" என்றாள் ஜஹீதா.

மாமி குனிந்து தெளிந்த தண்ணீரைப் பார்த்தாள். பிறகு வலியுல்லாவைப் பார்த்தாள். வலியுல்லா வானத்தைப் பார்த்தார். மாமி சிரித்துக்கொண்டே புடவையைக் கொஞ்சம் தூக்கிச் சொருகி, படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் விட்டாள். "கலாசார உபகுழு சார்பா நானும் கொஞ்ச நாழி ஆய்வு பண்றேன்" என்றாள்.

அடுத்த பொதுக்குழுவில்தான் சிக்கல் வந்தது. பதினாலைத் தொட்டாயிற்று, அடுத்த இலக்கு பதினைந்து என்று கருணாகரன் அறிவித்தார். மாமி மறுபடியும் எழுந்தாள்.

"அந்த அளவே பதினாலோட முடிஞ்சுடறது. அதுக்கு மேல கிடையாது."

"யார் முடித்தது?" என்று கேட்டார் கருணாகரன்.

"யாரும் முடிக்கலை. அது அப்படித்தான்."

"யாரும் முடிவு செய்யாத ஒன்றுக்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்? இந்த அவைக்கு இறையாண்மை உண்டா இல்லையா?" என்றார் கருணாகரன். ஓட்டெடுப்பு நடந்தது. பதினாலு என்ற வரம்பு நீலாம்பல் என்க்ளேவின் காம்பவுண்டுக்குள் செல்லாது என்று தீர்மானம் நிறைவேறியது. மாமி நடுநிலை வகித்தாள்.

இதற்குள் நவம்பர் முடிந்துவிட்டது. ஜஹீதாவின் கால் மடங்கியது. ஒரு நாள் காலை அவள் தரையில் பாயை விரித்து உட்கார்ந்து எழுந்தாள். வலியுல்லா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்று பார்த்தார். அன்று கடை திறக்க நேரமாகிவிட்டது.

பயணத்துக்கு முன்னால் ஒரு கடமை இருந்தது. அல்லாவின் வீட்டுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் தெரிந்தவர் அறிந்தவர் எல்லோரிடமும் போய் மாஃப் கேட்க வேண்டும். மனிதருக்குச் செய்த குற்றத்தை மனிதர்தான் மன்னிக்க வேண்டும், மேலே இருப்பவன் அதில் தலையிடுவதில்லை. வலியுல்லா கடைப் பையன்களிடம் கேட்டார். வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத மைத்துனரிடம்கூடக் கேட்டார். எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். ஒருவரிடம் மட்டும் பாக்கி இருந்தது. அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நம்பிக் கொடுத்த சாவியை வைத்துக்கொண்டு ஊரையே ஏமாற்றியிருக்கிறோமே, இந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு அங்கே போய் எப்படி நிற்பது?

புறப்படும் நாளுக்கு முதல் நாள், இருவரும் நாலாவது மாடிக்குப் படியேறினார்கள். லிஃப்ட் உபகுழு இன்னும் கூடிக்கொண்டுதான் இருந்தது. ஜஹீதா முன்னால் ஏறினாள். வலியுல்லாதான் இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார்.

கருணாகரன் சோபாவில் உட்காரச் சொன்னார். வலியுல்லா கை கூப்பினார்.

"சார், என்ன மன்னிக்கணும். குளத்துல ஆசிட் ஊத்தினது நான்தான். தண்ணியில இருக்கறது ஏழரைகூட இல்ல. வாசல் போர்டுல இருக்கறது அத்தனையும் பொய்."

கருணாகரன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மெதுவா பேசுங்க பாய். எனக்குத் தெரியாதா? மேல இருந்து பார்த்தா அடித்தரை ஓடு தெரியுது. முப்பத்தாறு வருஷ சர்வீஸ் பாய். ஏரி வெட்டின கணக்கு எழுதியிருக்கேன், மரம் நட்ட கணக்கு எழுதியிருக்கேன். ஒரு ஏரியையும் எட்டிப் பார்த்ததில்ல. பார்த்தா கணக்கு கெட்டுடும். போர்டுல இருக்கறது பி.எச். குளத்துல இருக்கறது தண்ணி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறதுதான் உங்களை மாதிரி ஆளுங்க பண்ற தப்பு."

வலியுல்லா கூப்பிய கையை இறக்கவில்லை. "அப்ப என்ன மன்னிச்சிட்டீங்களா சார்?"

கருணாகரன் சங்கடமாகத் தொண்டையைச் செருமினார். "அது வேற விஷயம். மன்னிக்கறதுக்குத் தனி நபரா எனக்கு அதிகாரம் கிடையாது. நீங்க பண்ணினது அசோசியேஷனுக்கு எதிரா. செயற்குழுவுல வைக்கணும், அப்புறம் பொதுக்குழு. ஜனவரியில கோரம் சேர்ந்தா எடுத்துக்கலாம்."

"நாளைக்கு ஃபிளைட் சார்!"

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்கே பாய்."

வலியுல்லாவின் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தூரம் வந்து இப்படி வாசலில் மாட்டிக்கொண்டோமே என்று சோபாவின் நுனியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த ஜஹீதா கையை எங்கும் ஊன்றாமல் சட்டென்று எழுந்தாள்.

"எழுந்திருங்க" என்றாள் கணவரிடம். "தண்ணியக் கெடுத்து வெச்சவங்க மாஃப் கேக்கணும். சரி பண்ணினவரு எதுக்குக் கேக்கணும்?" பிறகு கருணாகரனைப் பார்த்தாள். "எவ்ளோ நாள் எங்க வீட்டுச் சுவத்தப் புடிச்சுக்கிட்டு அழுதிருக்கேன் தெரியுமா சார்? மேல இருந்து ஓடு தெரியுது உங்களுக்கு. கீழ ஒருத்தி நொண்டுறது தெரியல. பரவால்ல. நான் அல்லா வீட்டுக்குப் போறேன், மனசுல ஒண்ணும் வெச்சுக்கிட்டுப் போக மாட்டேன். உங்கள மன்னிச்சிட்டேன். எனக்கு கோரம் தேவையில்ல."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு இறங்க ஆரம்பித்தாள். வலியுல்லா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

கருணாகரன் எழுந்து வாசலுக்கு வந்தார். முப்பத்தாறு வருஷத்தில் அவரை யாரும் மன்னித்ததில்லை. அதை எந்தத் தலைப்பில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார்.

"மேடம்! அத எழுத்து மூலமா குடுத்துட்டுப் போனீங்கன்னா ஃபைல்ல வெச்சுக்கலாம்!" என்று கத்தினார்.

ஜஹீதா அதற்குள் கீழே போய்விட்டிருந்தாள்.